முதல் டோஸுக்கு முன்பே

மருந்தியல் முதுநிலை மாணவர்களுக்காகச் சோதனை வடிவமைப்பும் அடிப்படைப் புள்ளியியலும் பற்றி ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



ஆய்வேடு எழுதும் மாணவர் ஒருவர் புள்ளியியல் தெரிந்தவரைத் தேடிப் போகும் நாள் எது? பெரும்பாலும் சோதனை முடிந்து, எலிகள் தீர்ந்து, எண்களெல்லாம் எக்செல் தாளில் ஏறி, சமர்ப்பிக்கும் தேதி நெருங்கிவிட்ட நாள்தான். அவர் கேட்கும் கேள்வியும் எல்லாக் கல்லூரிகளிலும் ஒன்றுதான். “சார், இந்த டேட்டாவுக்கு எந்த டெஸ்ட் போடலாம்?”

கேட்பவர் மேல் குறை இல்லை. புள்ளியியலை நாம் அவருக்குக் கற்றுக்கொடுத்த விதம் அப்படி. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு சடங்காகவே அதை அறிமுகப்படுத்தியிருக்கிறோம். எந்தச் சோதனையைப் போட வேண்டும் என்ற கேள்விக்கான விடை, முதல் விலங்குக்கு முதல் டோஸ் கொடுப்பதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. யாருக்கு எந்த மருந்து, எத்தனை பேருக்கு, எதை அளப்பது, யார் அளப்பது, எவ்வளவு காலம் கவனிப்பது ஆகிய ஐந்தும் முடிவான பிறகு கணக்குக்குப் பெரிதாக வேலை மிச்சமில்லை. அந்த ஐந்தில் ஒன்று தவறினாலும் எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். நம் துறையின் வரலாற்றிலிருந்தே சில சோதனைகளை எடுத்துவைத்து அதை விளக்குகிறேன்.

பத்து நோயாளிகள், இரண்டு மருந்துகள்

டி-சோதனையைப் புள்ளியியல் துறையிடமிருந்து நாம் இரவல் வாங்கியதாக நினைக்கிறோம். ஆனால் அது முதன்முதலாக அச்சேறியபோது அதற்கு எடுத்துக்காட்டாக நின்றது ஒரு மருந்தியல் தரவு. ஆர்தர் குஷ்னியும் பீபிள்ஸும் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், காலமசூ நகரின் மனநலக் காப்பகத்தில் இருந்த நோயாளிகளுக்கு ஹயோசின் வகை மருந்துகளைக் கொடுத்து, தூக்கம் எத்தனை மணி நேரம் கூடுகிறது என்று அளந்தார்கள். ஓர் இரவு மருந்து, மறு இரவு மருந்தில்லை. மருந்தில்லாத இரவுகளே ஒப்பீடு. 1905-இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் சீலி காசெட், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908-இல் பயோமெட்ரிகா இதழில் எழுதியபோது, தன் புதிய முறையை விளக்க அந்தப் பத்து நோயாளிகளின் எண்களையே எடுத்துக்கொண்டார்.

அந்த எண்களைச் சற்று நின்று பார்ப்போம். முதல் மருந்தால் கூடிய தூக்கத்தின் சராசரி 0.75 மணி. இரண்டாவது மருந்தால் 2.33 மணி. வேறுபாடு 1.58 மணி, அதாவது ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். ஆனால் முதல் மருந்தில் ஒருவருக்கு 3.7 மணி தூக்கம் கூடியிருக்கிறது, இன்னொருவருக்கு 1.6 மணி குறைந்திருக்கிறது. ஆளுக்கு ஆள் இருக்கும் இந்த ஏற்றத்தாழ்வு, மருந்துக்கு மருந்து இருக்கும் வேறுபாட்டைவிடப் பெரியது. இருபது எண்களையும் தொடர்பில்லாத இரண்டு குழுக்களாக வைத்துக் கணக்கிட்டால் டி மதிப்பு 1.86, பி மதிப்பு ஏறத்தாழ 0.08. இரண்டு மருந்துக்கும் வேறுபாடு இருப்பதாக உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டு நாம் எழுந்துவிடுவோம்.

ஆனால் குஷ்னியின் சோதனையில் அதே நோயாளிதான் இரண்டு மருந்தையும் சாப்பிட்டார். எனவே ஒவ்வொருவருக்கும் அவரே ஒப்பீடு. ஒவ்வொருவரின் இரண்டு எண்களையும் கழித்துப் பார்த்தால், ஒருவருக்கு வேறுபாடு பூச்சியம், மற்ற ஒன்பது பேருக்கும் இரண்டாவது மருந்தில்தான் தூக்கம் அதிகம். இந்தப் பத்து வேறுபாடுகளின் திட்ட விலக்கம் 1.23 மணி. இப்போது டி மதிப்பு 4.06, பி மதிப்பு ஏறத்தாழ 0.003.

எண்கள் அதே இருபதுதான். இணைச் சோதனையை அனுமதித்தது, அந்த எண்கள் பிறந்த விதம். பத்துப் பேருக்கு ஒரு மருந்தும் வேறு பத்துப் பேருக்கு மற்றொரு மருந்தும் கொடுத்திருந்தால் இந்த வழி திறந்தே இருக்காது. அதேபோல, இரண்டு தனித்தனி எலிக் குழுக்களின் எண்களை அருகருகே எழுதி இணைச் சோதனை போடுவது வெறும் கணக்குப் பிழையோடு நிற்பதில்லை. நடக்காத ஒரு சோதனையை நடந்ததாகச் சொல்வது அது.

இதே தரவிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேறுபாட்டுக்கான 95% நம்பக இடைவெளி, ஏறத்தாழ 0.7 மணியிலிருந்து 2.5 மணி வரை. பி மதிப்பு 0.003 என்று மட்டும் எழுதினால் வாசிக்கும் மருத்துவருக்கு என்ன கிடைக்கிறது? கூடுதலாக முக்கால் மணி நேரமும் இருக்கலாம், இரண்டரை மணி நேரமும் இருக்கலாம் என்று எழுதினால், நோயாளிக்கு அது எவ்வளவு பயன்படும் என்று அவரால் எடைபோட முடியும். ஒன்பதாவது நோயாளியின் வேறுபாடு மட்டும் 4.6 மணி என்று தனித்து நிற்பதையும் கவனியுங்கள். சராசரியை எழுதுவதற்கு முன் ஒவ்வொரு விலங்கின் எண்ணையும் ஒரு புள்ளியாக வரைந்து கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஸ்டூடன்ட் தன் கட்டுரையில் மருந்துகளின் பெயரைத் தவறாக எழுதிவிட்டார். ஹயோசயமின், ஹயோசின் என்ற இரு வேறு மருந்துகளின் எண்கள், ஒரே மருந்தின் வலஞ்சுழி, இடஞ்சுழி வடிவங்களின் எண்களாக அச்சேறின. கணக்கு சரி, தலைப்பு தவறு. மருந்தின் பெயர், உப்பு வடிவம், தொகுதி எண், டோஸ் இவற்றை ஒவ்வொரு நெடுவரிசையின் தலையிலும் எழுதிவைப்பது எழுத்தர் வேலை என்று நினைக்க வேண்டாம். மருந்தியல் அறிந்தவர் மட்டுமே செய்யக்கூடிய காவல் அது.

யாருக்கு எந்த மருந்து

1948 அக்டோபரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். போர் முடிந்த காலம், பிரிட்டனிடம் இருந்த ஸ்ட்ரெப்டோமைசின் மிகக் கொஞ்சம். எல்லாருக்கும் கொடுக்கப் போதாத மருந்தை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு, ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் வகுத்த வழி தற்போக்கு எண்களின்படி ஒதுக்குவது. ஒவ்வொரு நோயாளிக்கும் உரிய ஒதுக்கீடு முத்திரையிட்ட உறைக்குள் இருந்தது. நோயாளியைச் சேர்த்துக்கொள்வதாக முடிவு செய்த பின்னரே உறை திறக்கப்பட்டது.

காசநோயால் இருபக்க நுரையீரலும் பாதிக்கப்பட்ட 107 பேர். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்துக் குழுவில் 4 பேரும் ஓய்வுக் குழுவில் 14 பேரும் இறந்தனர். எக்ஸ்-ரே படத்தில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் மருந்துக் குழுவில் 51%, ஓய்வுக் குழுவில் 8%. படங்களைப் படித்தவர்களுக்கு எந்தப் படம் எந்தக் குழுவினுடையது என்று தெரியாது.

அந்த 8 விழுக்காட்டினரை நினைத்துப் பாருங்கள். மருந்தே இல்லாமல் அவர்கள் முன்னேறினார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாமல், தேறிய நோயாளிகளை மட்டும் எண்ணி ஒரு மருந்தைப் புகழும்போது, அந்தத் தேறல்களில் இத்தகையவர்களும் கலந்திருப்பார்கள். ‘கொடுத்தேன், குணமானது’ என்ற வாக்கியத்தில் எவ்வளவு மருந்து, எவ்வளவு இயற்கை என்று பிரித்துக் காட்டுவது ஒப்பீட்டுக் குழு மட்டுமே.

ஆனால் இந்த ஆய்வின் இரண்டாம் பகுதியை நம் வகுப்புகளில் அதிகம் சொல்வதில்லை. ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியாகக் கொடுத்ததால் பலரிடம் கிருமிகள் எதிர்ப்புத்திறன் பெற்றன. ஐந்தாண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது மருந்துக் குழுவில் 32 பேரும் ஓய்வுக் குழுவில் 35 பேரும் இறந்திருந்தனர். ஆறாவது மாதத்தில் அவ்வளவு தெளிவாக இருந்த இடைவெளி பெரும்பாலும் மூடிக்கொண்டது. முதல் ஆய்வு பொய் சொல்லவில்லை, ஆறு மாதத்துக்கான உண்மையைச் சொன்னது. எத்தனை காலம் கவனிப்பது என்பது வடிவமைப்பில் எவ்வளவு பெரிய முடிவு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது என்ற காசநோய் சிகிச்சையின் அடிப்படை விதி, இந்த அனுபவத்திலிருந்தும் இதையடுத்து வந்த ஒப்பீட்டு ஆய்வுகளிலிருந்தும் பிறந்தது.

இதை உங்கள் விலங்குக் கூடத்துக்குக் கொண்டு வாருங்கள். கூண்டைத் திறந்து கைக்கு எட்டிய முதல் ஆறு எலிகளை முதல் குழுவில் போடுவது தற்போக்கு ஒதுக்கீடு ஆகாது. எளிதில் பிடிபடும் எலி மந்தமானதாக இருக்கலாம், பயந்து ஒதுங்கும் எலியின் அட்ரினலின் வேறாக இருக்கலாம். கடைசியில் பிடிபட்டவை எல்லாம் ‘உயர் டோஸ்’ குழுவில் போய் நின்றால், டோஸின் விளைவையும் எலியின் இயல்பையும் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. எடை வாரியாக எலிகளை அடுக்குங்கள். ஒவ்வோர் அடுக்கிலிருந்தும் குழுவுக்கு ஒன்றாகக் குலுக்கல் முறையில் ஒதுக்குங்கள். மேல்தட்டில் இருக்கும் கூண்டுக்கு வெளிச்சம் அதிகம் என்பதால் கூண்டுகளின் இடத்தையும் அப்படியே ஒதுக்குங்கள். மருந்தைக் கரைத்தவர் ஒருவர், அளப்பவர் இன்னொருவர் என்று பிரித்து, குப்பிகளில் குறியீடு மட்டும் இருக்கட்டும். ஹாட் பிளேட்டின் மேல் எலி பாதத்தை நக்கிய நொடியை நிறுத்துக் கடிகாரத்தில் குறிப்பவருக்கு அது எந்தக் குழு என்று தெரிந்திருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவர் விரலுக்கு ஒரு சாய்வு உண்டு.

சேத்துப்பட்டில் நடந்தது

உலகமே பின்பற்றிய ஒரு வடிவமைப்பு நம் சென்னையில் உருவானது. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து இங்கே காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். இன்று அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இயங்குகிறது.

அன்றைய கேள்வி இதுதான். காசநோயாளிக்குச் சானடோரியம் வேண்டும், நல்ல காற்று வேண்டும், ஓய்வும் ஊட்டமும் வேண்டும் என்பது மருத்துவ உலகின் நம்பிக்கை. நம் நாட்டிலோ நோயாளிகளின் எண்ணிக்கைக்குப் படுக்கைகள் கொஞ்சமும் போதாது. ஐசோனயசிட், பாஸ் என்ற இரண்டு மருந்துகளையும் வீட்டிலேயே கொடுத்தால் என்ன? 193 நோயாளிகளைத் தற்போக்கு முறையில் பிரித்து, ஒரு பிரிவினருக்கு ஓராண்டு சானடோரியத்திலும் மறு பிரிவினருக்கு வீட்டிலும் ஒரே சிகிச்சை அளித்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்குக் கிடைத்த உணவும் குறைவு, ஓய்வும் குறைவு. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானடோரியத்தில் 92%, வீட்டில் 86%. 1959-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் இந்த முடிவு வெளிவந்தது.

இதில் மருந்தியல் மாணவர் கற்க வேண்டியது என்ன? 92-க்கும் 86-க்கும் உள்ள வேறுபாடு பி மதிப்பின் எல்லையைத் தாண்டவில்லை என்பதால் இரண்டும் சமம் என்று அவர்கள் முடித்துக்கொள்ளவில்லை. வேறுபாட்டைக் காணவில்லை என்பது ஒன்று, வேறுபாடு இல்லை என்பது வேறொன்று. அதனால் அவர்கள் நோயாளிகளை ஐந்தாண்டு வரை தொடர்ந்து கவனித்தார்கள், நோய் திரும்புகிறதா என்று பார்த்தார்கள். வீட்டில் வைத்துச் சிகிச்சை அளித்தால் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் தொற்றுமே என்ற அச்சத்தையும் அளவுக்கு உட்படுத்தி, இரு பிரிவினரின் குடும்பங்களையும் பின்தொடர்ந்தார்கள். அந்த அச்சத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஒரு முடிவை எதிர்ப்பவர் எழுப்பக்கூடிய கேள்வியை முன்கூட்டியே உணர்ந்து, அதற்கான அளவீட்டைச் சோதனைக்குள்ளேயே வைப்பதுதான் முதிர்ந்த வடிவமைப்பு. வீட்டுச் சிகிச்சை உலகம் முழுதும் ஏற்கப்பட்டதற்குக் காரணம் அந்த முதிர்ச்சி.

அதே மையம் ஒரு தூய மருந்தியல் கேள்வியையும் கேட்டது. ஏறத்தாழ ஒரே அளவு ஐசோனயசிட்டை நாளுக்கு ஒரு வேளையாகக் கொடுப்பதா, இரண்டாகப் பிரித்துக் கொடுப்பதா? இரத்தத்தில் மருந்தின் அளவு ஏற்ற இறக்கமின்றி இருக்க வேண்டும் என்ற பாடப்புத்தக வழியில் சிந்தித்தால் பிரித்துக் கொடுப்பதே நல்லது. சோதனை சொன்ன விடை நேர்மாறு. ஒரே வேளையாகக் கொடுத்ததே கூடுதல் பலன் தந்தது. உச்ச அளவு எவ்வளவு உயர்கிறது என்பதே முக்கியம் என்று அது உணர்த்தியது. மொத்த அளவை மாற்றாமல் கொடுக்கும் முறையை மட்டும் மாற்றியதால் இவ்வளவு தெளிவான விடை கிடைத்தது. டோஸையும் வேளையையும் சேர்த்து மாற்றியிருந்தால், கிடைக்கும் விடை எந்தக் கேள்விக்கு உரியது என்றே தெரிந்திருக்காது.

ஆறு எலிகள் என்ற வழக்கம்

நம் ஆய்வேடுகளில் குழுவுக்கு ஆறு எலிகள் என்பது எழுதப்படாத சட்டமாகிவிட்டது. ஏன் ஆறு? முன்னவர் ஆறு வைத்தார் என்பதைத் தவிர வேறு விடை பெரும்பாலும் கிடைப்பதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். மருந்துக் குழுவுக்கும் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் உண்மையிலேயே ஒரு திட்ட விலக்க அளவுக்கு வேறுபாடு இருக்கிறது என்று கொள்வோம். அது சிறிய விளைவு இல்லை. குழுவுக்கு ஆறு எலி வைத்து 5% வரம்பில் சோதித்தால், அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மூன்றில் இரண்டு முறை, வேலை செய்யும் மருந்தை வேலை செய்யாததென்று எழுதுவோம். 80% வாய்ப்பு வேண்டுமென்றால் குழுவுக்கு 17 எலிகள் வேண்டும். மனக்கணக்குக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு. எதிர்பார்க்கும் வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுங்கள், வந்ததை வர்க்கப்படுத்துங்கள், 16-ஐ அதனால் வகுங்கள். கிடைப்பது குழுவுக்கு வேண்டிய விலங்குகளின் தோராய எண்ணிக்கை. குழுக்கள் சிறியவையாக இருக்கும்போது அதோடு ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்ள வேண்டும். விளைவு திட்ட விலக்கத்தைப் போல் ஏறத்தாழ இருமடங்கு இருந்தால் ஆறு எலி போதும். மற்ற இடங்களில் ஆறு என்பது வெறும் பழக்கம்.

“அவ்வளவு எலிக்கு எங்கே போவது?” என்று நீங்கள் கேட்பது நியாயம். இங்கேதான் வடிவமைப்பு கை கொடுக்கிறது. வாய்ப்பாட்டில் இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. விளைவை நாம் பெரிதாக்க முடியாது, ஆனால் திட்ட விலக்கத்தைக் குறைக்க முடியும். கராஜீனன் பாத வீக்கச் சோதனையில் குழுக்களின் வேறுபாடு 0.2 மி.லி., திட்ட விலக்கமும் 0.2 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள். குழுவுக்கு 17 எலி. ஒரே இனம், நெருங்கிய எடை, ஊசி போடும் ஒரே கை, ஊசிக்கு முன்பே ஒவ்வொரு பாதத்தின் அளவையும் எடுத்துக் கழிப்பது, பாதத்தில் குறியிட்டு ஒரே ஆழத்துக்கு முக்குவது ஆகியவற்றால் அந்த விலக்கத்தை 0.1 ஆக்கிவிட்டால் ஆறு எலி போதும். கவனமான கைகள் குழுவுக்குப் பதினொரு எலிகளின் உயிரைக் காப்பாற்றுகின்றன. ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் மாற்று வழி, எண்ணிக்கைக் குறைப்பு, துன்பத் தணிப்பு என்ற மூன்று கடமைகளை வகுத்தார்கள். அவற்றில் எண்ணிக்கைக் குறைப்பை நாம் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. விடை தர முடியாத அளவுக்குச் சிறிய சோதனை எந்த உயிரையும் மிச்சப்படுத்துவதில்லை. அதில் மடிந்த அத்தனை விலங்குகளும் வீணாக மடிந்தவை. விலங்கு நெறிமுறைக் குழுவுக்குக் கொடுக்கும் படிவத்தில் ‘ஏன் இத்தனை விலங்குகள்’ என்று ஒரு கேள்வி இருக்கிறது. ‘வழக்கமான எண்ணிக்கை’ என்று அதை நிரப்பாதீர்கள்.

எண்ணிக்கையில் இன்னொரு பொறியும் உண்டு. ஒரு கினிப் பன்றியின் சிறுகுடலிலிருந்து ஆறு துண்டுகள் எடுத்துத் தொங்கவிட்டால் மாதிரி எண்ணிக்கை ஆறு ஆகிவிடாது. அது ஒரே விலங்கு. கருவுற்ற தாய் எலிக்கு மருந்து கொடுத்துப் பத்துக் குட்டிகளை எடைபோட்டால், மருந்து பெற்றது ஒரு தாய், சோதனையின் அலகும் அந்தத் தாயே. ஒரே நாளில் ஒரே தட்டில் வளர்த்த செல்களின் எட்டுக் குழிகள் எட்டுச் சோதனைகள் இல்லை. மருந்து எந்த அலகுக்குத் தற்போக்காக ஒதுக்கப்பட்டதோ, அந்த அலகைத்தான் எண்ண வேண்டும். மறு அளவீடுகள் உங்கள் அளவைத் துல்லியமாக்கும், சான்றைப் பெருக்காது.

1938-இல் கல்கத்தாவில் கூடிய இந்தியப் புள்ளியியல் மாநாட்டின் தலைமையுரையில் ரொனால்ட் ஃபிஷர் ஒரு கருத்தைச் சொன்னார். சோதனை முடிந்த பிறகு புள்ளியியலாளரிடம் வருவது பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுவருவது போன்றது, சோதனை எதனால் இறந்தது என்று வேண்டுமானால் அவர் சொல்லக்கூடும் என்பது அதன் சாரம். அவர் அதைச் சொன்னது நம் நாட்டு ஆய்வாளர்களின் முன்னிலையில்.

ஆர்கன் பாத்தில் ஒளிந்திருக்கும் வடிவமைப்பு

வடிவமைப்பு என்பது ஏதோ பெரிய ஆய்வுகளுக்கு உரியது என்று நினைக்க வேண்டாம். முதலாண்டு செய்முறை வகுப்பில் நீங்கள் செய்யும் நாற்புள்ளி உயிரியல் மதிப்பீட்டில் அது முழுமையாக இருக்கிறது. தரக் கரைசலின் இரண்டு டோஸ், சோதனைக் கரைசலின் இரண்டு டோஸ். இந்த நான்கையும் நான்கு சுற்றுகளில், ஒவ்வொரு சுற்றிலும் வரிசையை ஒரு படி நகர்த்திக் கொடுக்கிறோம். ஏன்? குடல் துண்டு நேரம் ஆக ஆகச் சோர்கிறது, அல்லது கூர்மையடைகிறது. ஒரு டோஸையே எப்போதும் கடைசியில் கொடுத்தால், சோர்வின் விளைவு அந்த டோஸின் தலையில் ஏறிவிடும். வரிசையைச் சுழற்றும்போது ஒவ்வொரு டோஸும் ஒவ்வொரு இடத்திலும் ஒருமுறை நிற்கிறது, சோர்வு நான்குக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது. இதற்கு லத்தீன் சதுரம் என்று பெயர். செய்முறைக் குறிப்பேட்டில் ‘டோஸ் வரிசை’ என்ற பெயரில் நீங்கள் பார்த்து எழுதும் அந்தச் சிறு அட்டவணை, வேளாண் வயல்களிலிருந்து மருத்துவமனை வரை பயன்படும் ஒரு பெரும் கருத்து. டோஸை மடக்கை அளவில் குறிப்பதும் அழகுக்காக இல்லை. அந்த அளவில்தான் வளைவின் நடுப்பகுதி நேர்கோடாகிறது, இரு கரைசல்களின் கோடுகளும் இணையாக ஓடுகின்றனவா என்று பார்க்க முடிகிறது. இணையாக ஓடாவிட்டால், ஒப்பிடுவது ஒரே பொருளைத்தானா என்ற ஐயம் எழ வேண்டும்.

பி மதிப்பு சொல்வதும் சொல்லாததும்

மருந்துக்கு விளைவே இல்லை என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பெரிய வேறுபாடோ இதைவிடப் பெரியதோ தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு எவ்வளவு என்பதே பி மதிப்பு. மருந்து வேலை செய்யாததற்கான வாய்ப்பு எவ்வளவு என்று அது சொல்வதில்லை. விளைவின் அளவையும் அது சொல்வதில்லை. 0.049-க்கும் 0.051-க்கும் இடையே மருந்தியலில் எந்த மதிலும் இல்லை.

பல கேள்விகளைக் கேட்டால் சில விடைகள் தற்செயலாகவே மின்னும். ஒன்றையொன்று சாராத 20 ஒப்பீடுகளை 5% வரம்பில் செய்தால், எந்த விளைவும் இல்லாதபோதும் ஒன்றாவது தேறிவிடும் வாய்ப்பு 64%. ஐந்து குழுக்களை வைத்துக்கொண்டு ஜோடி ஜோடியாகப் பத்து டி-சோதனைகள் போடுவது அதனால்தான் தவறு. அனோவாவும், கட்டுப்பாட்டுக் குழுவோடு மட்டும் ஒப்பிடும் டன்னெட் சோதனையும் இதற்காக உருவானவை.

இதை உலகுக்கு மறக்க முடியாதபடி காட்டியது 1988-இல் லான்செட்டில் வெளியான ஐசிஸ்-2 ஆய்வு. மாரடைப்பு என்று ஐயுற்ற 17,187 நோயாளிகள். ஆஸ்பிரின், ஐந்து வாரத்துக்குள் நேரும் இரத்தநாளச் சாவுகளை 23% குறைத்தது. அதன் ஆய்வாளர்கள் நோயாளிகளை மேற்கத்திய சோதிட ராசிவாரியாகவும் பிரித்துக் காட்டினார்கள். மிதுனத்திலும் துலாத்திலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரினால் பயன் இல்லை, சிறிது கெடுதல்கூடத் தெரிந்தது. மற்ற ராசிக்காரர்களுக்கு நல்ல பலன். பதினேழாயிரம் பேரை வைத்துக்கொண்டே உட்பிரிவுகளில் இப்படி ஒரு மாயத் தோற்றம் எழுகிறதென்றால், முப்பது பேரை வைத்துக்கொண்டு ‘ஆண்களுக்கு வேலை செய்கிறது, பெண்களுக்குச் செய்யவில்லை’ என்று எழுதுவதை எப்படி நம்புவது? எந்த உட்பிரிவைப் பார்க்கப் போகிறோம் என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிவைத்திருந்தால் மட்டுமே அந்த விடைக்கு எடை உண்டு.

வரைபடங்களில் திட்ட விலக்கத்துக்குப் பதிலாகத் திட்டப் பிழையைப் போடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஆறு எலிகள் என்றால் திட்டப் பிழை, திட்ட விலக்கத்தை 2.45-ஆல் வகுத்தது. கோடு குட்டையாகிறது, படம் அழகாகிறது, எலிகளின் உண்மையான ஏற்றத்தாழ்வு வாசகரின் கண்ணிலிருந்து மறைகிறது. தரவின் பரவலைக் காட்ட வேண்டுமென்றால் திட்ட விலக்கம், சராசரியின் துல்லியத்தைக் காட்ட வேண்டுமென்றால் நம்பக இடைவெளி. எதைக் காட்டுகிறீர்கள் என்பதைப் படத்தின் கீழே எழுதுங்கள்.

எதை அளப்பது

எல்லாவற்றையும் சரியாகச் செய்து, தவறான ஒன்றை அளந்தால் என்ன ஆகும்? மாரடைப்புக்குப் பின் இதயத்தின் கீழறையில் முறையற்ற துடிப்புகள் உள்ளவர்களுக்குச் சாவு அதிகம் என்பது தெரிந்த செய்தி. என்கைனைடும் ஃபிளெகைனைடும் அந்தத் துடிப்புகளை அடக்கின. ஆகவே உயிரையும் காக்கும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. அந்த நம்பிக்கையிலேயே மருத்துவர்கள் இத்தகைய மருந்துகளை எழுதிக்கொடுத்தும் வந்தார்கள். காஸ்ட் ஆய்வு ஈ.சி.ஜி. தாளோடு நிற்காமல் உயிரையே எண்ணியது. மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தனர், பிளாசிபோ பெற்ற 743 பேரில் 26 பேர் இறந்தனர். 1989-இல் இந்த இரு மருந்துகளின் பகுதி நிறுத்தப்பட்டது, 1991-இல் முழு விவரம் வெளிவந்தது. துடிப்பை அடக்கிய மருந்து துடிப்பையே நிறுத்திக்கொண்டிருந்தது. இந்த ஒப்பீட்டுக் குழுவை வைப்பது அறமா என்று அன்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் குழு இல்லாதிருந்தால் இந்த இறப்புகள் எல்லாம் நோயின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கும்.

உங்கள் ஆய்வில் சர்க்கரை அளவு, நொதி அளவு, வீக்கத்தின் அளவு ஆகியவற்றை அளப்பது தவிர்க்க முடியாதது. ஆனால் அந்த அளவுக்கும் நோயாளியின் நலனுக்கும் இடையே எத்தனை படிகள் இருக்கின்றன என்பதை முடிவுரையில் நேர்மையாக எழுதுங்கள். எலியின் சர்க்கரை இறங்கியதை வைத்து ‘நீரிழிவுக்கு மருந்து’ என்று தலைப்பிட நமக்கு உரிமை இல்லை.

ஒரு பக்கம் எழுதுங்கள்

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த சோதனையின் முதல் டோஸுக்கு முன் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். என் கேள்வி என்ன, ஒரே வாக்கியத்தில். முதன்மையாக எதை அளக்கப் போகிறேன். எவ்வளவு வேறுபாடு இருந்தால் அது நோயாளிக்கு அல்லது கோட்பாட்டுக்குப் பொருட்டாகும். சோதனையின் அலகு எது, எத்தனை, ஏன். எப்படி ஒதுக்கினேன், யாருக்கு மறைத்தேன். எந்த விலங்கை, எந்தக் காரணத்துக்காகக் கணக்கிலிருந்து நீக்குவேன். எந்தச் சோதனையைப் போடுவேன். தேதியிட்டு, வழிகாட்டியிடம் கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள். மனிதர்களிடம் செய்யும் ஆய்வுக்கு இதை நாடே கேட்கிறது. இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகம் 2007-இல் தொடங்கியது. 2009 ஜூன் முதல், மருந்து ஆய்வுகளில் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு செய்வது கட்டாயமானது. விலங்குச் சோதனைக்கும் அதே ஒழுக்கத்தை நாமே வகுத்துக்கொள்ளத் தடை ஏதும் இல்லை. அந்த ஒரு பக்கத்தை எழுத முடியவில்லை என்றால், சோதனை இன்னும் தயாராகவில்லை என்று பொருள்.

ஆசிரியர்களிடமும் தேர்வாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். வேறுபாடு வரவில்லை என்ற முடிவோடு வரும் ஆய்வேட்டை மாணவர் கூச்சத்தோடு நீட்டும் நிலையை நாம்தான் உண்டாக்கினோம். கேள்வி நல்லதாக, ஒதுக்கீடு நேர்மையானதாக, எண்ணிக்கை போதுமானதாக இருந்தால், ‘இந்த மூலிகைச் சாறு இந்த டோஸில் வேலை செய்யவில்லை’ என்பதும் முழு அறிவுதான். அதை நாம் ஏற்காவிட்டால், அடுத்த கல்லூரியில் இன்னொரு மாணவர் அதே சாற்றை இன்னும் முப்பது எலிகளுக்குக் கொடுப்பார். அல்லது இருபது ஒப்பீடுகளில் மின்னிய ஒன்றைத் தேடிப் பிடித்து எழுதுவார், அதை நம்பி ஒருவர் மருந்து செய்வார், அதை நம்பி ஒரு நோயாளி விழுங்குவார். வாய்மொழித் தேர்வில் ‘பி மதிப்பு எவ்வளவு வந்தது?’ என்ற கேள்வியைப் பின்னுக்குத் தள்ளி, ‘ஏன் இத்தனை விலங்குகள், எப்படி ஒதுக்கினாய்?’ என்ற கேள்வியை முன்னால் வையுங்கள். தேர்வில் எது கேட்கப்படுகிறதோ அதுவே ஆய்வுக்கூடத்தில் செய்யப்படும். ஓராண்டில் மாற்றம் தெரியும்.